கேட் திறக்கும் வரை

ரயில்வே கேட் மூடியிருந்தால் எங்கள் அத்தா முதலில் இஞ்சினை அணைப்பார். அடுத்து அவருடைய வலது கை தானாக எழுந்து சட்டைப் பையைத் தொடும். தொட்டதும், சூடு பட்டது போலச் சட்டென்று இறங்கி ஸ்டீயரிங்கின் மேல் உட்கார்ந்துகொள்ளும். பையில் ஒன்றும் இருக்காது. அது அத்தாவுக்குத் தெரியும். அந்தக் கைக்கு மட்டும் இன்றுவரை தெரியவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து பல வருஷங்களாக இதைப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

அத்தாவின் பெயர் அப்துல் சுக்கூர். ஜங்ஷன் பக்கத்தில் செபஸ்தியான் முதலாளியின் ஷெட்டில் வாடகைக் கார் டிரைவர். அவரிடம் இருந்தது ஒரு கறுப்பு பிளிமத். ரயிலில் வந்து இறங்குகிறவர்களை ஸ்ரீரங்கத்துக்கும் திருவெள்ளறைக்கும் கூட்டிப் போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். வெளிக் கோபுரத்தைத் தாண்டி அவர் உள்ளே போனதில்லை. ஆனால் எந்த நேரத்தில் எந்தச் சேவை, எப்போது நடை சாத்துவார்கள் என்று வருகிறவர்களுக்கு அவர்தான் சொல்வார்.

எங்கள் வீடு நத்தர்ஷா பள்ளிவாசல் பக்கத்துச் சந்தில். நான் ஒரே மகள், கமருன்னிசா. ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் ஜன்னலும் அடுப்படியும்தான். யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். பேச்சு வராது. அதனால் பார்ப்பதும் கேட்பதும் கூடிப்போயிற்று.

அத்தாவுக்கு வண்டியும் சிகரெட்டும் ஒன்றுதான். கிளப்பும்போது ஒன்று, காவிரிப் பாலம் ஏறும் முன் ஒன்று, கேட் மூடினால் ஒன்று. ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கை ஜன்னலுக்கு வெளியே. அதே ஷெட்டில் ஓட்டும் அற்புதசாமி மாமா சொல்வார்:

"பாய் வண்டி பெட்ரோல்ல ஓடுதா புகையில ஓடுதான்னு முதலாளிக்கே சந்தேகம். பின்னாடி வர்றதைவிட முன்னாடி அதிகமா வருது."

அத்தா வீடு திரும்புவது எங்களுக்கு முதலில் மூக்கில்தான் தெரியும். சந்து முனையில் அவர் திரும்பும்போதே அந்த வாசனை முன்னால் வந்துவிடும். அம்மா அடுப்பிலிருந்து தலை தூக்காமலே சொல்வாள்: "உங்க அத்தா வந்துட்டாங்க. தண்ணி எடுத்து வை." நான் செம்பை எடுத்து வைப்பதற்கும் அவர் செருப்பைக் கழற்றுவதற்கும் சரியாக இருக்கும்.

அம்மாவின் பெயர் ஜஹானாரா. அவளுக்கு இழுப்பு உண்டு. சின்ன வயதிலிருந்தே குளிர்காலத்தில் வரும், போகும். நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அது போவதைக் குறைத்துக்கொண்டது. ராத்திரி தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். நெஞ்சுக்குள்ளிருந்து புறா அடைத்துவைத்தது போலச் சத்தம் வரும்.

1960-ஆம் வருஷம் தை கடைசியில் அத்தா அவளைப் புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நானும் துணைக்குப் போனேன். டாக்டர் அம்மாவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு அத்தாவைப் பார்த்தார்.

"நீங்க சிகரெட் குடிப்பீங்களா?"

"வீட்டுக்குள்ள குடிக்கிறதில்லைங்க. வண்டியிலதான்."

"வண்டியிலன்னா? இப்ப நீங்க ரூமுக்குள்ள வந்ததுமே எனக்குத் தெரியுது. சட்டையில இருக்கு, தலைமுடியில இருக்கு. அந்தம்மா ராத்திரி பூரா அதைத்தானே மூச்சா இழுக்கிறாங்க? இந்த நுரையீரல் தாங்காது."

அத்தா எங்களைக் கூட்டிக்கொண்டு எழுந்தார். வெளியே வந்து வண்டியில் ஏறினார். கேட் மூடியிருந்தது. பையிலிருந்து பாக்கெட்டை எடுத்தார். கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார். அம்மா உடனே சொன்னாள்: "குடிங்க. நான் மூக்கைப் பொத்திக்கிறேன்." அவர் பாக்கெட்டைத் திரும்பப் பைக்குள் போட்டார். வீட்டில் எங்களை இறக்கிவிட்டு, சந்து முனை போய்ப் பற்றவைத்தார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒன்று முடிந்ததும் இன்னொன்று.

அடுத்த மாதமே ரமலான் வந்தது. நோன்பு நாளில் பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் கிடையாது, புகை எங்கே? ஒவ்வொரு வருஷமும் அத்தா அப்படித்தான் ஓட்டுவார். பகலெல்லாம் உதடு காய்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்துவிட்டு, சாயங்காலம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், ஒரு வாய் கஞ்சி, உடனே சிகரெட். அந்த வருஷம் முதல் நோன்பு திறந்த அன்று அவர் கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்திருக்கவில்லை. விரிப்பிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா அவரையே பார்த்தாள்.

"என்னங்க, போகலையா?"

"பகல் பூரா முடியுதுல்ல ஜஹானாரா? பகல்ல முடியறது ராத்திரி ஏன் முடியாது?"

அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவருடைய கால் விரல்கள் விரிப்பைப் பிறாண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அந்த மாதம் முழுக்க அவர் தொடவில்லை. அற்புதசாமி மாமாவுக்கு அதே சமயம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், கறியை விட்டிருந்தார். இரண்டு பேரும் ஷெட்டில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வார்களாம். அத்தா வந்து சொல்வார்.

"சாமி சொல்றான், 'நீர் டிரைவர், முஸாஃபிரு. பயணத்துல இருக்கிறவனுக்கு நோன்பு கடமை இல்லைன்னு உங்க பள்ளிவாசல் ஹஸ்ரத்தே சொல்லியிருக்காராமே, ஒண்ணு பத்த வையும்'னு. நான் சொன்னேன், 'ஜங்ஷன்லேர்ந்து ஸ்ரீரங்கம் போறது ஒரு பயணமாடா? எங்க ஹஸ்ரத்து கேட்டா உன்னை அடிக்க வருவாரு'ன்னு."

மாதம் முடிந்தால் நோன்பும் முடியும். அப்புறம் என்ன செய்வது? அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நோன்புக்கு முந்தின ராத்திரி நிய்யத்து வைப்போம். நாளைய நோன்பைப் பிடிக்கிறேன் என்று மனசால் உறுதி சொல்வது. அதைப் போலவே தினமும் காலையில் வண்டிச் சாவியைத் திருகும் முன், "இன்னைக்குப் பொழுதுக்குப் புகை இல்லை, அல்லாவுக்காக" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது என்று முடிவு செய்தார்.

அம்மாவுக்கு அது சரியாகப் படவில்லை. "நிய்யத்து இப்படியெல்லாம் நாமளா வைக்கலாமா? ஹஸ்ரத்துகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"கேட்டு, அவரு கூடாதுன்னு சொல்லிட்டார்னா?"

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

இடைஞ்சல் வந்தது நோன்பு முடிந்த பெருநாள் அன்றே. பெருநாளில் நோன்பு வைப்பது கூடாது. அன்று நோன்புக்கு நிய்யத்து இல்லை என்றால், தன்னுடைய நிய்யத்தும் இல்லையோ என்று அத்தாவுக்கு ஒரு குழப்பம். அன்று காலை அவர் அதைச் சொல்லவில்லை. தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, மத்தியானம் எங்களை உறையூரில் அம்மாவின் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனார். பெருநாளுக்கு முதலாளி வண்டியைக் கொடுத்திருந்தார். அம்மா அங்கேயே இரண்டு நாள் தங்குவதாகச் சொல்லிவிட்டாள். நானும் அத்தாவும் திரும்பினோம்.

வண்டியில் ஆள் இருந்தால் அவருக்குப் பரவாயில்லை. பேச்சுக் கொடுப்பார், வழி சொல்வார். வெறும் வண்டியோடு திரும்புவதுதான் கஷ்டம். நான் இருந்தும் இல்லாதது மாதிரிதான். வாய் திறக்க மாட்டேன். ஸ்டீயரிங்கின் மேல் அவருடைய விரல்கள் தாளம் போட ஆரம்பித்தன. ஜன்னலை இறக்கினார், ஏற்றினார். கிராம்பு ஒன்றை வாயில் போட்டுக் கடித்து வெளியே துப்பினார். ஒரு பெட்டிக்கடை முன்னால் வண்டியின் வேகம் குறைந்தது. கடை ஓரத்தில் கயிறு தொங்கியது. நுனியில் கங்கு. ஒருவன் குனிந்து சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"கமரு," என்றார் அத்தா. "ஏதாவது பேசும்மா."

எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. வெளியே பார்த்தேன். கண்ணில் பட்ட போர்டைப் படித்தேன்.

"சைக்கிள்கள் வாடகைக்கு விடப்படும்."

"என்ன?"

"அங்க எழுதியிருக்குத்தா. அடுத்தது, 'சுத்தமான பசு நெய் இங்கு கிடைக்கும்'."

"கெடைக்குமா? அவன்கிட்டயா?" அத்தா உரக்கச் சிரித்தார். கடை பின்னால் போய்விட்டது. "படி, படி."

அத்தாவுக்கு எண்கள் தெரியும். கையெழுத்து என்று பழக்கப்படுத்திக்கொண்ட நாலு எழுத்தை வரைவார். மற்றபடி படிக்கத் தெரியாது. இருபது வருஷமாகத் தினம் கடந்து போகிற தெருக்களில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. தென்னூர்த் திருப்பத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு பெரிய போர்டு உண்டு. அது வந்ததும் வேகத்தை நன்றாகக் குறைத்தார்.

"அதைப் படிக்க வேணாம், எனக்கே தெரியும். டிரைவர்களுக்குப் போட்டிருக்கான். ஜாக்கிரதையாப் போன்னு."

"இல்லத்தா. 'கருகருவென்று கூந்தல் வளர எங்கள் தைலத்தையே உபயோகியுங்கள்'."

அத்தா வண்டியை ஓரத்தில் நிறுத்தி அந்தப் போர்டை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை வருஷமா இதுக்கா பிரேக் போட்டேன்? லைனிங் தேய்ஞ்ச கணக்கை எவன்கிட்ட கேக்கறது?" சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீடு வந்து சேர்ந்தோம். அவர் பற்றவைக்கவில்லை.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் நிய்யத்து.

அந்த வருஷ வெயில் காலம் எங்கள் வீட்டில் நல்ல காலம். அம்மாவின் மூச்சு கொஞ்சம் தெளிந்தது. ஒரே ஒரு தொந்தரவு. அத்தா வருவது அவளுக்குத் தெரிவதில்லை. அடுப்பில் எதையாவது கிளறிக்கொண்டிருப்பாள். திரும்பினால் பின்னால் நிற்பார். திடுக்கிட்டுப் போவாள்.

"அல்லா! எப்ப வந்தீங்க? திருடன் மாதிரி வந்து நிக்கிறீங்களே."

"செருமிட்டுத்தானே வந்தேன்."

"செருமல் யாருக்கு இல்லை? இந்தச் சந்துல எல்லாரும்தான் செருமுறாங்க. உங்க வாசனை இருந்தா நீங்கன்னு தெரியும்."

"அந்த வாசனைதான் உன்னைக் கொல்லுதுங்கறாரு டாக்டரு."

"கொன்னாலும் தெரிஞ்சது," என்றாள் அம்மா. விளையாட்டாகத்தான் சொன்னாள்.

ஆவணியில் ஒரு நாள் அத்தா வீட்டுக்கு வந்ததே தும்மிக்கொண்டுதான். ஸ்ரீரங்கத்து வயசாளி ஐயங்கார் ஒருவரைத் திருவெள்ளறைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அடிக்கடி வருகிறவர், முன்சீட்டில்தான் உட்காருவார். கொள்ளிடம் பாலத்தில் காற்று அடித்ததும் அத்தாவின் கை பைக்குப் போய் வந்ததைக் கவனித்துவிட்டாராம்.

"'என்ன சுக்கூர், விட்டுட்டியாமே?'ன்னாரு. ஆமாங்க சாமின்னேன். 'படுத்தறதோ?'ன்னாரு. படுத்துதுங்கன்னேன். பொடி டப்பியைத் தொறந்து நீட்டறாரு. 'இந்தா ஒரு சிட்டிகை. உன் பிரதிக்ஞை புகைக்குத்தானே? இது பொடியோன்னோ!'ங்கறாரு. நானும் வாங்கி ஒரு இழுப்பு இழுத்தேன் பாரு. பாலம் பூராத் தும்மல். வண்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகுது. அவரு 'ரங்கா ரங்கா'ன்னு கதவைப் புடிச்சுக்கிட்டாரு."

அம்மா சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு நடுவிலேயே இழுப்பாக மாறியது. நான் முதுகைத் தடவினேன். அத்தா எழுந்து நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல் தன் சட்டையை முகர்ந்து பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமலே அவளுக்கு மூச்சு வாங்கியது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன். அவர் விட்டால் அவள் பிழைப்பாள் என்பதுதான் அவருடைய கணக்கு.

மார்கழி பிறந்ததும் அம்மாவைப் புத்தூர் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். காலையில் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு அத்தாவின் வண்டியில் போவேன். பகல் முழுக்கக் கட்டில் பக்கத்தில் இருப்பேன். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். ஜங்ஷனுக்கும் ஸ்ரீரங்கத்துக்குமாக அத்தாவுக்கு ஓயாத ஓட்டம். இடையில் வந்து பார்ப்பார். சாயங்காலம் என் பெரியம்மா வந்து இரவு தங்க, என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார். அம்மா இல்லாத அந்த வண்டியில் அவர் ஒரே ஒரு சொல்தான் சொல்வார்.

"படிம்மா."

நான் படிப்பேன். சைக்கிள்கள் வாடகைக்கு விடப்படும். கோட்டுகள் அளவெடுத்துத் தைக்கப்படும். அரிசி மண்டி. கூந்தல் தைலம். எல்லாம் எனக்கு மனப்பாடம். அவருக்கும் மனப்பாடம். இருந்தாலும் ஒன்றை விட்டுவிட்டால், "நெய் போர்டு எங்கே?" என்பார். கேட் மூடியிருந்தால் திறக்கும் வரை திரும்பத் திரும்பப் படிப்பேன். பக்கத்துப் பெட்டிக்கடையில் கங்குக் கயிறு காற்றில் ஆடும். அவர் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருக்கும்.

கடைசி நாள் அன்று மத்தியானம் அவர் சீக்கிரமே வந்துவிட்டார். காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் போயிருந்தார். அம்மா கண்ணை மூடியிருந்தாள். மூச்சு மேலேயே நின்று நின்று வந்தது. அத்தா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கமரு," என்றாள் அம்மா. "அவங்க வரலையா?"

"வந்துட்டாங்கம்மா. உன் கையைப் புடிச்சிருக்காங்க பாரு."

"இந்தா இருக்கேன் ஜஹானாரா," என்றார் அத்தா.

அம்மா தலையை அசைத்தாள், இல்லை என்று. கையை மெல்ல உருவிக்கொண்டாள். "அவங்க வரட்டும்," என்றாள். "கூட்டமா இருக்கும். வரட்டும்."

அத்தா இன்னும் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார், செருமிக் காட்டினார். அவள் மூக்கு மட்டும் லேசாக விரிந்து விரிந்து எதையோ தேடியது. அதை அத்தாவும் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் எழுந்து வெளியே போனார்.

வார்டு ஜன்னலிலிருந்து தெரு தெரியும். எதிரில் பெட்டிக்கடை. அவர் போய் ஒரே ஒரு சிகரெட் வாங்கினார். கயிற்றின் முன்னால் நின்றார். கங்குக் கயிற்றில் சிகரெட்டைச் சும்மா வைத்தால் பற்றாது. வாயில் வைத்து இழுத்தால்தான் பற்றும். அவர் முதலில் கையில் பிடித்தே வைத்துப் பார்த்தார். பற்றவில்லை. திரும்பவும் வைத்தார். கடைக்காரன் ஏதோ சொன்னான். பிறகு அவர் தலையைக் குனிந்து ஒரு இழுப்பு இழுத்தார். ஒன்றுதான். உடனே வாயிலிருந்து எடுத்து, புகைகிற சிகரெட்டைச் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மார்பில், தோளில், கையில் என்று, சாம்பிராணி காட்டுவது போலக் காட்டினார். கடைசி வரை எரியவிட்டுக் கீழே போட்டு மிதித்துவிட்டு வந்தார்.

வார்டு வாசலில் நர்ஸ் அக்னஸ் அவரை மறித்துவிட்டாள்.

"என்னங்க இது? உள்ள பூரா மூச்சு முட்டுற கேஸ். சிகரெட் குடிச்சிட்டு நேரா வர்றீங்க? படிக்காதவங்கன்னாலும் இது தெரியாது?"

அத்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்று அவர் பக்கமிருந்து உள்ளே வந்தது.

அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள், அடுப்படியில் சொல்கிற அதே குரலில்:

"உங்க அத்தா வந்துட்டாங்க. தண்ணி எடுத்து வை."

நான் செம்பில் தண்ணீர் எடுத்து வைத்தேன். அம்மாவின் முகம் தளர்ந்தது. அவர் அதைக் கேட்டார். வாசலிலிருந்தே கேட்டார், எனக்குத் தெரியும். அப்போதுதான் அம்மாவுக்கு இருமல் பிடித்தது.

நர்ஸ் ஓடி வந்தாள். "சட்டையைக் கழட்டி வாயைக் கழுவிட்டு வாங்க, போங்க!" என்று அத்தாவைப் பார்த்துக் கத்தினாள். அவர் சொன்னபடி போனார். குழாயடியில் சட்டையைக் கழற்றித் தேய்த்துத் தேய்த்து அலசினார். அப்புறம் வாயைக் கொப்பளித்தார், திரும்பத் திரும்ப. ஈரப் பனியனோடு உள்ளே வந்தபோது இருமல் நின்றிருந்தது. மூச்சும் இல்லை.

பொழுது இறங்குகிற நேரம். அற்புதசாமி மாமா வந்து, தான் ஓட்டுவதாகச் சொன்னார். அத்தா சாவியைக் கொடுக்கவில்லை. அம்மாவைப் பின் சீட்டில் கிடத்தினார்கள். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். பெரியம்மா காலடியில் ஒடுங்கி உட்கார்ந்தாள். மாமா முன்னால் ஏறிக்கொண்டார். அத்தா ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

கேட் மூடியிருந்தது. அவர் இஞ்சினை அணைத்தார். பெட்டிக்கடையில் அப்போதுதான் விளக்கு ஏற்றினார்கள். கயிற்றடியில் இரண்டு மூன்று பேர் நின்று புகைத்துக்கொண்டிருந்தார்கள். வாசனை வண்டிக்குள் வந்தது. அத்தாவின் கை எழுந்து ஈரப் பையைத் தொட்டது. அங்கேயே நின்றது. தோள் குலுங்க ஆரம்பித்தது.

"பாய்," என்றார் மாமா மெதுவாக. "இன்னைக்கு ஒண்ணு குடிச்சா ஒண்ணும் இல்லை பாய். நான் வாங்கிட்டு வரேன்."

அத்தா தலையை ஆட்டினார். பின்னால் திரும்பாமல் சொன்னார்:

"படிம்மா."

அம்மாவின் தலை மடியில் கனத்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். இருட்டிவிட்டதால் எழுத்து சரியாகத் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரியுமே.

"சைக்கிள்கள் வாடகைக்கு விடப்படும்," என்றேன். "சுத்தமான பசு நெய் இங்கு கிடைக்கும். கோட்டுகள் அளவெடுத்துத் தைக்கப்படும்."

பெரியம்மா என்னைத் திட்டினாள். "என்னடி பேசுறே, புத்தி கெட்டவளே? கலிமாவைச் சொல்லு!" மாமா கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். கேட் திறக்கும் வரை படித்தேன். வண்டி கிளம்பிய பிறகும் படித்தேன். தென்னூர்த் திருப்பத்தில் கூந்தல் தைலம் வந்தது. அத்தா வேகத்தைக் குறைத்தார்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த பிறகு நான் அவரிடம் சொன்னேன். என் வாழ்க்கையில் நானாகப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை. காலையிலேயே டாக்டர் கைவிரித்துவிட்டார் என்றும், அன்று பொழுது தாண்டாது என்றும் நர்ஸ் அக்னஸ் என்னிடம் சொல்லியிருந்தாள். அதைச் சொன்னேன். அம்மா உங்களைத் தெரிந்துகொண்டுதான் போனாள் என்றும் சொன்னேன்.

"தெரியும்மா. கேட்டேன்," என்றார். பிறகு, "நர்ஸம்மா நல்லவங்க. அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார்.

அந்த ஒரு இழுப்பு அம்மாவுக்குக் கொடுத்ததா, எடுத்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. நோன்பு முறிந்தால் அதற்குப் பதில் இன்னொரு நாள் பிடித்துக் கழா செய்ய வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு நாள், அதோடு தீர்ந்தது. அத்தா ஒவ்வொரு மார்கழியிலும் அந்த ஒரு நாளுக்கு நோன்பு வைக்கிறார். "போன வருஷமே வச்சாச்சேத்தா," என்று ஒரு தடவை சொன்னேன். "அது சேர்ந்துச்சான்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

இப்போது 1968. பிளிமத்தை விற்றுவிட்டார்கள், அத்தா முதலாளியின் அம்பாசடர் ஓட்டுகிறார். எனக்குக் கல்யாணமாகி உறையூரில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் வந்து என்னைப் பழைய வீட்டுக்குக் கூட்டிப் போவார். நெய்க் கடை மூடிவிட்டது. கூந்தல் தைலப் போர்டைக் கழற்றிவிட்டார்கள். வெறும் கம்பம் நிற்கிறது, அவர் அங்கே வேகத்தைக் குறைக்கிறார். தினமும் காலையில் சாவியைத் திருகும் முன் நிய்யத்துச் சொல்கிறார். சிகரெட் குடிப்பதில்லை. வீட்டுக்குள் வரும்போது யாருக்கும் தெரிவதில்லை.